வைக்கோலிலிருந்து டீசல்

நெல் மூட்டையை மண்டிக்குச் சுமந்து செல்லும் லாரி, நிலத்தை உழும் டிராக்டர், கடலில் மீன் பிடிக்கச் செல்லும் விசைப்படகு, மின்சாரம் நின்றுபோன வேளையில் ஆஸ்பத்திரியில் விளக்கெரியச் செய்யும் ஜெனரேட்டர் ஆகிய யாவும் ஒரே எண்ணெயை நம்பி இயங்குகின்றன. அதுதான் டீசல். 2023-24-ஆம் ஆண்டில் இந்தியாவில் செலவான டீசல் சுமார் 9 கோடி டன். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கடல் கடந்து வருகிறது. ஆகையால் எங்கோ ஒரு வளைகுடாவில் போர் மூண்டால் நம் ஊர்ச் சந்தையில் காய்கறியின் விலை ஏறுகிறது.

இது ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுவடை முடிந்தவுடன் வயலில் நிற்கும் தாளையும் சிதறிக் கிடக்கும் வைக்கோலையும் விவசாயிகள் கொளுத்துகிறார்கள். அரசாங்கத்தின் தடைகளாலும் உதவிகளாலும் இவ்வழக்கம் குறைந்திருந்த போதிலும், முற்றிலும் நின்றபாடில்லை. அப்புகை காற்றில் மிதந்து தலைநகருக்கு வந்து சேருகிறது. குழந்தைகளும் முதியோரும் மூச்சுவிடத் திணறுகிறார்கள்.

எரிபொருளை வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்குகிறோம். எரிபொருளாகத்தக்க பொருளை வயலிலேயே எரித்துச் சாம்பலாக்குகிறோம். இந்த வைக்கோலை டீசலாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றுவது இயற்கையே. ஆக்க முடியும் என்று ரசாயன நூலார் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டனர். அங்ஙனமாயின் ஏன் இன்னும் அது நம் பெட்ரோல் பங்கிற்கு வந்து சேரவில்லை? இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில், தடை எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் செலவிடும் பணம் வீணாகிவிடும்.

பெயரில் உள்ள மயக்கம்

தாவரத்திலிருந்து கிடைக்கும் டீசல் என்றவுடன் பலர் எல்லாவற்றையும் ஒன்றாகவே கருதிவிடுகின்றனர். உண்மையில் அவற்றுள் நான்கு வகை உண்டு.

முதலாவது, எண்ணெயை அப்படியே ஊற்றுவது. ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த எஞ்சின்களுள் ஒன்று 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. ஆனால் தாவர எண்ணெய் கெட்டியானது. நாளடைவில் எஞ்சினுள் கரி படிந்து எண்ணெய் பீச்சும் துவாரங்களை அடைத்துவிடும்.

இரண்டாவது, பயோடீசல். எண்ணெயை மெதனால் என்னும் சாராயத்தோடு சேர்த்து, கிளிஸரினைப் பிரித்தெடுத்தபின் எஞ்சுவது இது. கெட்டித்தன்மை நீங்கிவிடுகிறது. எனினும் பிராணவாயு இதனுள் தங்கிவிடுவதால், நீண்ட நாள் வைத்தால் கெடும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே சாதாரண டீசலில் ஓரளவே கலக்கலாம்.

மூன்றாவது, எண்ணெயையும் கொழுப்பையும் ஹைட்ரஜன் வாயுவுடன் அதிக அழுத்தத்தில் வினைபுரியச் செய்து, பிராணவாயுவை அறவே நீக்கிப் பெறுவது. ஃபின்லாந்து நாட்டில் நெஸ்டே கம்பெனி போர்வோ என்னுமிடத்தில் 2007-இல் இத்தகைய ஆலையைத் தொடங்கிற்று. பிறகு சிங்கப்பூரிலும் ராட்டர்டாமிலும் பெரிய ஆலைகளை நிறுவிற்று. பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயும் மிருகக் கொழுப்பும்கூட இதற்குப் பயன்படும்.

நான்காவதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். வைக்கோலிலும் மரத்துண்டிலும் கரும்புச் சக்கையிலும் பிழிந்தெடுக்க எண்ணெய் இல்லை. ஆகவே அப்பொருளை முதலில் வாயுவாகச் சிதைத்து, அவ்வாயுவிலிருந்து டீசலைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறார்கள். இதற்கு ஸிந்தெடிக் டீசல் என்று பெயர்.

அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்ட என் போன்றவர்களுக்கு இச்சொல் ஒரு சிக்கல். ‘செயற்கை’ என்று எழுதினால், செயற்கைப் பல், செயற்கைப் பூ என்பவற்றைப்போல இதுவும் போலிச் சரக்கோ என்னும் ஐயம் எழும். உண்மையில் இது டீசலின் போலி அன்று. அதைவிடத் தூய டீசல். மூலக்கூறுகளைத் தொகுத்துச் செய்வதால் ‘தொகுப்பு டீசல்’ என்பது பொருந்தும். இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவோம்.

விறகுக்கும் டீசலுக்கும் உள்ள வேற்றுமை

தாவரம் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் மண்ணிலுள்ள நீரையும் எடுத்து, வெயிலின் சக்தியைக் கொண்டு தன் உடலை வளர்க்கிறது. நன்றாக உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகம் பிராணவாயு. ஹைட்ரஜனோ நூற்றுக்கு ஆறு பங்குதான். டீசலிலோ கார்பன் நூற்றுக்கு 86, ஹைட்ரஜன் 14. பிராணவாயு அதில் இல்லவே இல்லை.

எரிதல் என்பது பிராணவாயுவோடு சேர்தல் ஆகும். ஆகவே தன்னுள் இவ்வளவு பிராணவாயுவைக் கொண்ட விறகு, ஒரு வகையில் முன்னமேயே பாதி எரிந்த பொருள் என்று சொல்லலாம். ஒரு கிலோ டீசல் தரும் உஷ்ணத்தைப் பெற இரண்டரைக் கிலோ விறகு வேண்டியிருப்பது இதனாலேயே. விறகை டீசலாக்குவதென்றால் பிராணவாயுவை வெளியேற்றி ஹைட்ரஜனின் விகிதத்தை உயர்த்தவேண்டும். மூலப்பொருளில் ஒரு பகுதியையே செலவிடாமல் இது கைகூடாது.

செய்யும் முறை

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பஞ்சத்தால் நம் நாட்டில் கரிவாயுவில் ஓடிய பஸ்களைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். பஸ்ஸின் பின்புறத்தில் ஓர் உயரமான உலை இருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டு, போதிய காற்று கொடாமல் எரியவிடுவார்கள். போதிய காற்று இல்லாததால் கரி முழுவதும் எரிந்துவிடாமல், எரியக்கூடிய கார்பன் மானாக்ஸைடு வாயு உண்டாகும். அந்த வாயு எஞ்சினை ஓட்டும். தொகுப்பு டீசலின் முதற்படியும் இதுவே.

ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. காற்றை ஊதினால் அதிலுள்ள நைட்ரஜன் வாயுவோடு கலந்துவிடும். அது பின்னர் ஒன்றுக்கும் உதவாது. ஆகையால் காற்றுக்குப் பதிலாகத் தூய பிராணவாயுவையோ நீராவியையோ உலையில் செலுத்துகிறார்கள். உஷ்ணமும் மிகுதி. உலையின் அமைப்புக்கு ஏற்ப 800 டிகிரி சென்டிகிரேடு முதல் 1,400 டிகிரி வரை செல்லும். கார்பன் மானாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வெளிவருகிறது.

இரண்டாம் படி, சுத்தம் செய்தல். வாயுவோடு தார், தூசி, கந்தகம், குளோரின் முதலியனவும் வருகின்றன. தார் குளிர்ந்தால் குழாய்களை அடைக்கும். கந்தகமோ அடுத்த படியில் வரும் கிரியாஊக்கிக்கு நஞ்சு. கோடியில் சில பங்கு கந்தகம் இருந்தாலும் அதன் ஆற்றல் நாளடைவில் குன்றிவிடும். நெல் வைக்கோல் இவ்வகையில் மிகவும் தொல்லை தருவது. அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் இருக்கிறது. மணற்சத்தும் பொட்டாசியமும் குளோரினும் அதில் மிகுதி. உலையின் உஷ்ணத்தில் சாம்பல் இளகி, கண்ணாடிபோல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மரத்தை எளிதில் ஏற்கும் உலை வைக்கோலைக் கண்டால் தடுமாறுகிறது.

மூன்றாம் படி, விகிதத்தைச் சரிசெய்தல். டீசலைக் கட்ட ஒரு பங்கு கார்பன் மானாக்ஸைடுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு ஹைட்ரஜன் வேண்டும். உலையிலிருந்து வரும் வாயுவில் அவ்வளவு ஹைட்ரஜன் இராது. ஆகவே கார்பன் மானாக்ஸைடில் ஒரு பகுதியை நீராவியோடு வினைபுரியச் செய்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். அதற்கு ஈடாகக் கார்பன் கரியமில வாயுவாகி வெளியேறும். இவ்வாறு மூலப்பொருளிலுள்ள கார்பனில் பாதிக்கு மேல் டீசலாகாமலே கைநழுவிப் போகிறது.

நான்காம் படிதான் தொகுத்தல். கோபால்ட் அல்லது இரும்பு கலந்த கிரியாஊக்கியின்மேல் வாயுவைச் செலுத்துகிறார்கள். கோபால்ட்டானால் 200 முதல் 250 டிகிரி உஷ்ணமும், காற்று மண்டல அழுத்தத்தைப்போல் இருபது முப்பது மடங்கு அழுத்தமும் போதும். நாரில் பூத் தொடுப்பதுபோலக் கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து சரமாகின்றன. சிறு சரங்கள் வாயுவாகவும், நடுத்தரமானவை டீசலாகவும், நீண்டவை மெழுகாகவும் அமைகின்றன. மெழுகை ஹைட்ரஜன் கொண்டு வேண்டிய நீளத்திற்குத் துண்டிப்பது கடைசிப் படி.

முடிவில் கிடைக்கும் எண்ணெய் நீர்போலத் தெளிந்தது. கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. எஞ்சினில் எளிதில் தீப்பற்றும்; சாதாரண டீசலைவிடக் குறைந்த புகைக்கரியே விடும். இன்றுள்ள எஞ்சினையும் குழாயையும் தொட்டியையும் மாற்றவேண்டியதில்லை. அடர்த்தி சிறிது குறைவாகையால் ஒரு லிட்டரில் ஓடும் தூரம் சற்றே குறையும் என்பது ஒரு குறை.

நிலக்கரியில் வென்றது, மரத்தில் தளர்ந்தது

இம்முறையைக் கண்டவர்கள் ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்னும் இரு விஞ்ஞானிகள். 1920-களின் நடுப்பகுதியில், ஜெர்மனியில் ரூர் நதிக்கரையிலுள்ள மூல்ஹைம் நகரத்து நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்தில் இதனைக் கண்டனர். எண்ணெய் வளம் இல்லாத ஜெர்மனி இரண்டாம் உலகப் போரின்போது இம்முறையில் ஒன்பது ஆலைகளை நடத்திற்று. தென்னாப்பிரிக்காவில் சாசோல் கம்பெனி 1955 முதல் நிலக்கரியிலிருந்து எரிபொருள் தயாரித்து வருகிறது. ஆக, வாயுவிலிருந்து டீசல் செய்வது பரிசோதனைச் சாலையின் கனவன்று. பெருந்தொழிலாக நடந்து காட்டிய ஒன்று.

நிலக்கரியின் இடத்தில் மரத்தை வைத்துப் பார்க்க முயன்றவர்களுள் முக்கியமானவர்கள், ஜெர்மனியில் சாக்ஸனி மாநிலத்து ஃபிரைபர்க் நகரிலிருந்த கோரன் கம்பெனியார். ஆண்டுக்கு 1.8 கோடி லிட்டர் தயாரிக்கத்தக்க ஆலையின் கட்டட நிறைவை 2008 ஏப்ரலில் அந்நாட்டுச் சான்ஸலர் அங்கேலா மெர்க்கல் வந்து சிறப்பித்தார். ஆனால் ஆலை ஒழுங்காக உற்பத்தி தொடங்குமுன்பே, 2011-இல் கம்பெனி திவாலாயிற்று. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் நகரக் குப்பையிலிருந்து எரிபொருள் செய்ய முற்பட்ட ஃபுல்க்ரம் கம்பெனி 2022-இன் இறுதியில் முதல் எண்ணெயைக் கண்டது. 2024-இல் அதுவும் திவாலாயிற்று.

நிலக்கரி தரும் வெற்றியை மரமும் குப்பையும் ஏன் தரவில்லை? நிலக்கரி ஒரே இடத்தில் மலைபோல் குவிந்து கிடக்கிறது, ஆண்டு முழுவதும் வெட்டலாம், மழையில் அழுகாது. ஆகையால் ஆலையை மிகப் பெரிதாகக் கட்டி, ஒரு லிட்டருக்கு விழும் செலவைக் குறைக்கலாம். தாவரப் பொருளோ பரந்து சிதறிக் கிடப்பது. ஆலையைப் பெரிதாக்கினால் வெகுதூரத்திலிருந்து சுமந்து வரவேண்டும். சிறிதாக்கினாலோ, பிராணவாயு பிரிக்கும் சாதனமும் சுத்திகரிக்கும் சாதனமும் செலவைத் தாங்கமுடியாததாக்கிவிடும். இந்த இக்கட்டில் சிக்கியே பல ஆலைகள் தளர்ந்தன.

நமது கணக்கு

பஞ்சாபை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தொகுப்பு டீசலுக்குச் சுமார் 6 கிலோ உலர்ந்த வைக்கோல் வேண்டும் எனக் கொள்வோம். ஓர் ஏக்கரில் கிடைக்கும் வைக்கோல் சுமார் இரண்டரை டன். எனவே ஏக்கருக்கு 400 லிட்டர் டீசல். கோரன் ஆலையின் அளவுள்ள ஓர் ஆலைக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டன், அதாவது 40,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் வைக்கோல் தேவைப்படும்.

லாரிக்குப் பத்து டன் வீதம் ஏற்றினால் பதினாயிரம் லாரிச் சுமை. ஒரு லாரி வைக்கோல் 1,600 லிட்டர் டீசல் தரும். அதனை ஐம்பது கிலோமீட்டர் தூரம் சென்று கொண்டுவர 25 லிட்டர் செலவாகலாம். எரிபொருள் கணக்கில் நஷ்டம் இல்லை என்பது இதனால் விளங்கும். செலவு வேறிடத்தில் இருக்கிறது. வைக்கோலை வாரிக் கட்டு கட்டும் யந்திரம், ஆட்கூலி, கட்டுகளை அடுக்க இடம், மழையினின்றும் நெருப்பினின்றும் காக்கும் ஏற்பாடு ஆகியவையே அச்செலவு. ஆலைக்கு ஆண்டு முழுவதும் வைக்கோல் வேண்டும். வயலில் அது கிடைப்பதோ சில வாரங்களே.

அந்தச் சில வாரங்களும் விவசாயிக்குச் சொந்தமல்ல. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பஞ்சாபில் நெல் நடவு தள்ளிப்போடப்படுகிறது. அதனால் அறுவடையும் தள்ளிப்போகிறது. கோதுமை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரமே எஞ்சும். அறுவடை யந்திரம் விட்டுச் சென்ற தாளை அதற்குள் அகற்றவேண்டும். அகற்றக் கூலி உண்டு. தீக்குச்சிக்கு விலை இல்லை. விவசாயி அறியாமையால் கொளுத்துகிறான் என்று கூறுவது நியாயமன்று.

ஹரியானாவில் பானிபட் நகரில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் நெல் வைக்கோலைக் கொண்டு 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிப்பது அதன் திட்டம். அது டீசல் அன்று, செய்முறையும் வேறு. எனினும் வைக்கோலைத் திரட்டிச் சேமிக்கும் வேலை இரண்டுக்கும் பொது. தொகுப்பு டீசல் ஆலையை நாடுவோர் முதலில் கற்கவேண்டிய பாடம் அத்தகைய ஆலைகளின் வைக்கோல் கிடங்குகளில்தான் இருக்கிறது.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், தீவனத்துக்கும் பிற உபயோகங்களுக்கும் போக எஞ்சும் விவசாயக் கழிவு ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன் என்று மத்திய அரசாங்கத்தின் மதிப்பீடு கூறுகிறது. ஒரு துரும்பும் விடாமல் அவ்வளவையும் டீசலாக்கினாலும் கிடைப்பது சுமார் 3 கோடி டன். நம் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. கைக்கு எட்டுவது அதனினும் மிகக் குறைவாகவே இருக்கும். அனல் மின் நிலையங்களும் எத்தனால் ஆலைகளும் அதே கழிவுக்குக் கை நீட்டுகின்றன.

மறக்கக்கூடாத இரண்டு

தாவர எரிபொருள் எரியும்போது வெளிப்படும் கரியமில வாயு, அத்தாவரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்ததே. ஆகவே கணக்கு நேராகிவிடும் என்பர். இது ஓரளவே உண்மை. எரிபொருளுக்கென்றே பயிர் செய்தால் உரம், நீர், உழவு யாவும் செலவு. அந்நிலத்தில் விளைந்திருக்கவேண்டிய உணவும் நஷ்டம். காட்டை வெட்டினால் பன்மடங்கு கேடு. கழிவை உபயோகித்தால்தான் கணக்கு நம் பக்கம் நிற்கும். அக்கழிவிலும் ஒரு பகுதியை மண்ணுக்கே விட்டுவிடவேண்டும். தாளும் சருகும் மக்கி மண்ணில் சேராவிட்டால் நிலம் வளம் குன்றும்.

இரண்டாவது, காட்டாமணக்கு தந்த பாடம். 2003-இல் திட்டக் கமிஷன் நியமித்த குழு அதன் விதையிலிருந்து பயோடீசல் எடுக்கும் இயக்கத்தைப் பரிந்துரைத்தது. தரிசு நிலத்தில் நீரின்றியே செழித்துக் காய்க்கும் என்று நம்பித் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் பயிரிட்டனர். செடி பிழைத்தது, காய்ப்புதான் எதிர்பார்த்த அளவு இல்லை. நீரும் உரமும் இல்லாத இடத்தில் எந்தச் செடியும் அள்ளிக் கொடுப்பதில்லை. அதனை நம்பிக் கைப்பணத்தைப் போட்ட சிறு விவசாயிகளே நஷ்டத்தைச் சுமந்தனர். புதிய எரிபொருளைப்பற்றிப் பேசும்போதெல்லாம் ஆலையின் கணக்கோடு அவர்களுடைய கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எங்கே பொருந்தும்?

நம் ரயில் பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டன. நகர பஸ்களும் ஆட்டோக்களும் மின்சாரத்துக்கு மாறிவருகின்றன. இவற்றுக்கு அரிய தொகுப்பு எண்ணெயைச் செலவிடுவது தகாது. மின்கலத்தைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் பறக்க முடியாத விமானம், கடலைக் கடக்கும் கப்பல், சுரங்கத்தில் உழைக்கும் கனரக யந்திரம் ஆகியவையே இதற்கு ஏற்ற இடங்கள். மேற்கூறிய தொகுப்பு முறையிலேயே விமான எரிபொருளும் செய்யலாம். 2009-ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தர விதிகள் பாதியளவு வரை அதனைக் கலக்க அனுமதித்தன.

நம் நாட்டிலும் இத்துறையில் திறமைக்குக் குறைவில்லை. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையம் காட்டாமணக்கு எண்ணெயை ஹைட்ரஜன் முறையில் மாற்றிச் செய்த எரிபொருளைக் கலந்துகொண்டு, 2018 ஆகஸ்டு 27-ஆம் தேதி ஒரு விமானம் டேராடூனிலிருந்து டில்லிக்குப் பறந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் பல ஆண்டுகளாக விறகு வாயு உலைகளை ஆராய்ந்து வருகிறது. உலையில் உண்டாகும் ஹைட்ரஜன் போதாத இடத்தில், வெயிலாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைக்கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துச் சேர்த்தால், கைநழுவும் கார்பனைப் பிடித்து அதே வைக்கோலிலிருந்து அதிக டீசலைப் பெறலாம் என்பதும் தெளிவாகியிருக்கிறது. ஹைட்ரஜனின் விலை இறங்கினால் இவ்வழி திறக்கும்.

ஆனால் முதல் வேலை வயலில் இருக்கிறது. வைக்கோலை வாரிக் கட்டும் யந்திரம் அறுவடைக்கு மறுநாளே வயலுக்கு வரவேண்டும். கட்டுகளை வைக்கக் கிராமத்துக்கு அருகில் கிடங்கு வேண்டும். விவசாயிக்குக் கையோடு விலை கிடைக்கவேண்டும். இவ்வளவும் அமைந்துவிட்டால், பிறகு அந்த வைக்கோல் எத்தனாலாக மாறினாலும் சரி, டீசலாக மாறினாலும் சரி, நாட்டுக்கு லாபமே. இவை அமையாமல் கட்டும் உலை எவ்வளவு சிறந்ததாயினும் பசித்தே கிடக்கும்.